அலுமினியப் பொம்மை விமானத்தில் பெயிண்ட் நிற்க வைப்பது எப்படி?

முதல் தடவை நான் பூசிய பெயிண்ட், மாஸ்கிங் டேப்போடு சேர்ந்து அப்படியே கழன்று வந்துவிட்டது. நன்றாகப் பழகிய கல்லிலிருந்து தோசை எழும்புமே, அந்த மாதிரி. அடியில் அலுமினியம் பளபளவென்று சிரித்தது.

விமானம் சின்னதுதான். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அப்பா வாங்கியது. அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள், விமானம் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரியில் உரிந்த பச்சைப் பெயிண்டோடு கிடந்தது. இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்து முடித்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலையில் முக்கால் பங்கு ஸ்பிரே பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

முதலில், அது அலுமினியம்தானா?

பழைய உலோக பொம்மைகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்ப வேண்டாம். சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பிறகு விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் மெதுவாக முக்கி, வழியும் நீரை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 540 கிராம், வழிந்தது ஏறக்குறைய 200 மில்லி. வகுத்தால் 2.7, அதாவது அலுமினியம். ஆறு ஏழு என்று வந்தால் துத்தநாகக் கலவை. உள்ளே காற்று அடைபட்ட பொம்மையில் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

பழைய பெயிண்டை எடுப்பது

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது, பிள்ளைகள் உள்ள வீட்டில் சுத்தமாகக் கூடாது. கூழ் போன்ற பெயிண்ட் ரிமூவர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அலுமினியத்துக்கு ஒத்துவரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கையுறை போட்டுத் தடவி, பெயிண்ட் குமிழ்விட்டதும் பழைய பல்துலக்கியால் தள்ளி எடுங்கள். வழித்தெடுத்த கூழைக் கழுவுத்தொட்டியில் ஊற்றாதீர்கள். செய்தித்தாளில் துடைத்துக் கட்டிப் போடுங்கள்.

ஒரு நண்பர், சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொன்னார். இரும்புக்குச் சரி. அலுமினியத்தை அது தின்றுவிடும். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். வேண்டாம்.

தேய்த்தல்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

வெளியே தெரியாவிட்டாலும், அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று இருக்கும். தேய்த்து எடுத்த நொடியே காற்று பட்டு மறுபடி உருவாகும். பழைய தோலில் அழுக்கும் எண்ணெயும் ஏறியிருக்கும், வழவழப்பான உலோகத்தில் பெயிண்டுக்குப் பிடிமானமும் இல்லை. என் முதல் முயற்சி கெட்டது இதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

320 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்து, 400-இல் முடியுங்கள். கண்ணாடி மாதிரி ஆக்கிவிட வேண்டாம். மங்கலாக, ஒரே சீராக இருந்தால் போதும். ஆணிவரிசை மாதிரி நுணுக்கமான இடங்களில் உப்புத்தாள் பட்டால் வேலைப்பாடு மழுங்கிவிடும். அங்கே மெரூன் நிற நைலான் தேய்ப்பான் நல்லது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் எடுக்காதீர்கள். அதன் துகள்கள் அலுமினியத்தில் குத்தி நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அவை துருப்பிடித்து, பெயிண்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் கிளப்பும்.

அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நிறைய நீரில் அலசுங்கள். இப்போது ஒரு சோதனை, நிஜ விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர்களும் செய்வதுதான். சுத்தமான நீரை இறக்கை மேல் ஊற்றுங்கள். நீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டியதுதான். எனக்கு மூன்று தடவை ஆனது. மூன்றாவது தடவைதான் உறைத்தது, காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்குப் பிறகு கையுறை இல்லாமல் விமானத்தைத் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு தடவை துடையுங்கள். துணி மிருதுவாக்கி போட்டுத் துவைத்த துணி ஆகாது.

எட்ச் பிரைமர்

தேய்த்த அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், இதை அடித்துவிட வேண்டும். பிரைமர் என்பது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. சாதாரண பிரைமர் உலோகத்தின் மேலே சும்மா உட்காரும். எட்ச் பிரைமரில் உள்ள அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அடியில் உலோகம் லேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, தடிமனாக அடித்தால்தான் உரியும். அதற்கு மேல் சாதாரண சாம்பல் நிற பிரைமர் அடிக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் கழித்து என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். அந்த பிரைமர் காய்ந்ததும் 600 எண் தாளால் பட்டும் படாமலும் தடவிக்கொடுங்கள். எட்ச் பிரைமரைத் தேய்க்க வேண்டாம்.

பிரைமர், நிறம், கிளியர் (கடைசியில் அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வகையாக இருப்பது புதியவர்களுக்கு நல்லது. எனாமல் வகைப் பெயிண்ட் மேல் லாக்கர் வகையை அடித்தால் அது முதியவர் தோல்போலச் சுருங்கிவிடும்.

எங்கே, எப்போது அடிப்பது?

பொது நடைபாதையில் அடிக்காதீர்கள். புகை அண்டை வீட்டுக்குள் போகும், கீழ் வீட்டார் கழியில் காயப்போட்ட துணியிலும் படியும். சமையலறையும் ஆகாது. தாளிப்பின் எண்ணெய் ஆவி உலோகத்தில் படிந்தால் பெயிண்டில் மீன்கண் மாதிரி குழிகள் விழும். நான் உபி வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரின் இடத்தில், பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வைத்து அடித்தேன். ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். மருத்துவ முகக்கவசம் இதற்கு உதவாது.

நேரமும் முக்கியம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஈரம் மிகுந்த நேரத்தில் லாக்கர் அடித்தால், அதன் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிந்து, நிறத்தின் மேல் பால் தெளித்தது போல வெள்ளை மூடிவிடும். ஆகவே மதியம் இரண்டு, மூன்று மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நிறம்

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, இறக்கைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். அதை மறைக்கப் போய்த்தான் எல்லோரும் வழியவிடுகிறார்கள்.

என்னுடையது இரட்டை எஞ்சின் விமானம், அதனால் ஐம்பதுகளின் டிசி-3 பயணிகள் விமானம் மாதிரி செய்தேன். மலாயன் ஏர்வேஸ் காலத்தில் இந்த வகையெல்லாம் இங்கே பறந்தவை. மேற்கூரை வெள்ளை, நடுவில் ஒரு கோடு, வயிறு வெறும் அலுமினியம். அந்த வெள்ளை அழகுக்கு மட்டுமல்ல, வெயிலில் நிற்கும்போது உள்ளே சூடு ஏறாமல் இருக்கவும்தான். உங்களுக்கும் இப்படி வேண்டுமென்றால், பிரைமருக்கு முன்பே வயிற்றுப் பகுதியை டேப்பால் மூடிவிடுங்கள்.

கோட்டுக்கு டேப் ஒட்டியதும், விளிம்பில் முதலில் அடியில் இருக்கும் வெள்ளையையே லேசாக ஒரு தடவை அடியுங்கள். சந்து இருந்தால் அது அடைத்துவிடும், பிறகு அடிக்கும் நீலம் உள்ளே கசியாது. நீலம் முழுதாகக் காய்வதற்கு முன், டேப்பை அதன் மேலேயே மடித்தாற்போல மெதுவாக இழுங்கள். இந்தத் தடவை டேப் மட்டும்தான் வந்தது.

மறுநாள் பெயிண்ட் பட்ட இடங்களில் கிளியர். வெறும் உலோகத்தில் கிளியர் சரியாக நிற்காது, அங்கே உலோக பாலிஷ்தான். பாலிஷில் மெழுகு இருக்கலாம் என்பதால் அது எல்லா பெயிண்டும் முடிந்த பிறகு வரவேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை கைரேகை பதியும். அதன் பிறகு புரொப்பெல்லர்களை மாட்டி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பாட்டில் அதுவரை வேறு அறையில் இருக்கட்டும்.