வெயில் காலத்தில் கோய் குளம்: மத்தியானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கினால், கோய் என்ற அலங்கார மீனைக் குளத்தில் வளர்ப்பவர்கள் மத்தியானம் போய்க் குளத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள். மீன் சாவதோ பெரும்பாலும் விடியற்காலையில். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். பகலில் ஆக்சிஜன் கொடுத்த பாசியும் ராத்திரியில் மீனோடு போட்டி போட்டு அதை இழுத்துக்கொள்ளும்.

காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக நின்றால், பசி என்று தீனி போட்டுவிடாதீர்கள். அது மூச்சுத் திணறல்.

ஆகவே சத்தத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் பயந்து ராத்திரி ஏர் பம்ப்பை நிறுத்துவதைவிடப் பெரிய தவறு கிடையாது. கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்றும் வேண்டும். சாயங்காலம் வயிறு நிறையத் தீனி போடுவதும் இதே கணக்குதான்: செரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதுவும் ராத்திரியில். காலை எட்டு மணிவாக்கில், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று பாசி மருந்தைக் கொட்டுபவர்கள் உண்டு. செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பச்சைத் தண்ணீர் பார்க்கத்தான் அசிங்கம், மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை.

ஐஸ் கட்டி போடுவது வேண்டாம். வெப்பம் சட்டென்று இறங்குவது சூட்டைவிட மோசம். நிழல் வலை கட்டுங்கள், காற்றோட்டம் தடைபடாமல் ஆறேழு அடி உயரத்தில்.

அப்புறம், வற்றிய குளத்தை நிரப்புவது. ஒருமுறை ஹோஸைப் போட்டுவிட்டு போன் பேசப் போனவன், அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். குளோரின் கலந்த லாரித் தண்ணீர். மூன்று மீன்கள் ஒருக்களித்துக் கிடந்தன. இப்போது வாளியில்தான் ஊற்றுகிறேன், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து. போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜனும் குறைவு. ஷவர் தலை மாட்டித் தெளித்தபடி விடலாம். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் கழுவாமல் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைப்பது அதிலுள்ள பாக்டீரியாதான்; குழாய்த் தண்ணீரின் குளோரினில் அது செத்தால் அம்மோனியா ஏறும், சூட்டில் அதன் விஷமும் கூடும்.