வலது குதிகாலில் மட்டும் வந்த கொப்புளம்

நீண்ட தூரம் நடக்கும் நாள்களில் என் வலது குதிகாலின் பின்புறம் மட்டும் கொப்புளம் எழுந்தது. இடது காலில் ஒன்றுமில்லை. காலணி பழகினால் சரியாகும் என்றார்கள். பழகிய பின்னும் வந்தது. பருத்திக் காலுறை ஈரத்தைத் தோலோடு ஒட்டவைக்கும் என்பதால் மெல்லிய கம்பளிக் காலுறைக்கு மாறியதில், கொப்புளம் சற்றுத் தாமதமானதே தவிர நிற்கவில்லை. ஓர் அளவு பெரிய காலணியோ நிலைமையை மோசமாக்கியது.

விடை காலணிக்குள்ளேயே இருந்தது. வலது காலணியின் உட்புறத் துணி குதிகால் படும் இடத்தில் மேலும் கீழுமாகத் தேய்ந்திருந்தது. இடதில் அந்தத் தடமே இல்லை. ஒவ்வோர் அடியிலும் வலது குதிகால் தூக்கிக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். பாதங்கள் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் இரண்டையும் அளந்தபோது வலது பாதம் சிறியது என்று தெரிந்தது. பெரிய பாதத்திற்கேற்பக் காலணி வாங்குவதே முறை. ஆகவே திருத்த வேண்டியது கயிறு கட்டும் விதத்தை.

பலர் பயன்படுத்தாமல் விடும், வரிசையிலிருந்து சற்றுப் பின்தள்ளி இருக்கும் கடைசித் துளையில், அதே பக்கமாகவே கயிற்றை நுழைத்து இருபுறமும் சிறு வளையம் விட்டேன். ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்தின் வழியே செலுத்தி, கீழ்நோக்கி இழுத்து முடிச்சிட்டதும் குதிகால் அசையாமல் அமர்ந்தது, கொப்புளமும் நின்றது. இறுக்கம் கணுக்காலில் மட்டுமே விழ வேண்டும். பாதத்தின் மேற்பகுதியை இறுக்கினால் விரல்கள் மரத்துப்போகும்.