டிபி வார்டு நர்ஸ்களுக்கு: உங்கள் மனசையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்

நைட் டூட்டி முடிந்து என்95 மாஸ்க்கைக் கழற்றினால் மூக்குத்தண்டில் பதிந்த தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நாலு நாளாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி விடியற்காலையில் ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்தால் அது அப்படி மறைவதில்லை, வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்த இருமல் காதில் கேட்கும். இதை அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில் எது உங்களைப் படுத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள். உளவியலாளர் பெத் ஸ்டாம் உருவாக்கிய ப்ரோகுவால் என்ற கேள்வித்தாள் இதற்காகவே இருக்கிறது, இலவசம். மொத்தம் 30 கேள்விகள், கடந்த 30 நாட்களை நினைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். வேலை தரும் மனநிறைவுக்குப் பத்து, வேலையே நம்மை உறிஞ்சி ஓய்ந்துபோக வைக்கும் பர்ன் அவுட்டுக்குப் பத்து, அடுத்தவர் துயரம் நமக்குள் இறங்கிவிடுவதற்குப் பத்து. மூன்றையும் தனித்தனியாகத்தான் கூட்ட வேண்டும். 22 வரை குறைவு, 42-லிருந்து அதிகம். பர்ன் அவுட் பகுதியில் ஐந்து கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 5 என்றால் 1. மறந்தால் சந்தோஷமாக இருப்பவருக்கும் பர்ன் அவுட் என்று காட்டும்! இது நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை, திசை காட்டும், அவ்வளவுதான்.

பர்ன் அவுட் அதிகமா? தியானம் செய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு மாதத்தில் எத்தனை நைட், ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளி, எத்தனை நாள் சாப்பாட்டு நேரமே கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள்.

துயரம்தான் அதிகம் என்றால் லீவு மட்டும் போதாது. அந்த இரவு கூட இருந்தவரிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் பயம். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்று இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான்.

மனநிறைவு குறைந்திருந்தால், ஆறு மாத டிபி மாத்திரையை முடித்துவிட்டு வருகிறவர்களின் எடையை நீங்களே பாருங்கள். 38 கிலோவில் ஸ்ட்ரெச்சரில் வந்த ஒரு அக்கா 51 கிலோவோடு எடை மெஷின் மேல் நின்று, 'இன்னொரு தடவை பாரும்மா' என்றார். பார்த்தேன், 51 தான்.