கிரேக்கத் தெய்வங்களுக்கு வம்சாவளி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கப் புராணம் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் வரும் ஆசை, தெய்வங்களின் அரசர் ஸீயஸின் குடும்பத்தை ஒரே தாளில் வரைந்து பார்ப்பது. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் அப்படிப் பல படங்கள் வருகின்றன. ஜுப்பிட்டர், வீனஸ் என்று ரோமப் பெயர்களைக் கலப்பது, டிராய் போரில் வரும் இரண்டு அயாஸையும் ஒருவராக்குவது எல்லாம் ஒருமுறை சொன்னால் சரியாகிவிடும். சொல்லியும் போகாதவைதான் கீழே.

எல்லா நூல்களையும் ஒரே மரத்தில் ஒட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கிரேக்கர்களிடம் எல்லோரும் ஏற்ற ஒரே புராண நூல் கிடையாது. இலியட் பாடிய ஹோமர் ஒன்று சொல்வார், இன்னொரு பழங்கவிஞர் ஹெசியட் வேறு சொல்வார். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெசியடின் 'தியோகனி'யில் வானக் கடவுள் யுரேனஸின் வெட்டுண்ட உறுப்பு கடலில் விழுந்து, அதைச் சுற்றி எழுந்த நுரையில் பிறக்கிறாள். தாய் என்று யாரும் இல்லை. இலியட்டின் ஐந்தாம் காண்டத்திலோ மகன் ஈனியஸைக் காப்பாற்றப் போய், கிரேக்க வீரன் டயோமெடிஸின் ஈட்டியால் கையில் குத்துப்பட்டு, போர்க் கடவுள் ஏரிஸின் தேரை இரவல் வாங்கிக்கொண்டு ஒலிம்பஸுக்கு ஓடி, அம்மா டையோனியின் மடியில் விழுகிறாள். டையோனி மகளின் கையைத் துடைத்து ஆறுதல் சொல்கிறாள். நுரையில் பிறந்தவள் என்று படத்தில் போட்டுவிட்டால் இந்தக் காட்சியை எங்கே வைப்பீர்கள்?

ஒரு சிறுவர் நூலின் அச்சுப்படியைப் பார்க்கக் கொடுத்தார்கள். 'தியோகனி'யின்படி, ஸீயஸ் தன் தலையிலிருந்து ஏதீனாவைப் பெற்றதும், அவர் மனைவி ஹீரா கோபத்தில் தனியாகவே ஹெஃபைஸ்டஸைப் பெற்றாள் என்று வம்சாவளிப் பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், ஸீயஸின் மண்டையைக் கோடாரியால் பிளந்து ஏதீனாவை வெளியே எடுப்பவர் அதே ஹெஃபைஸ்டஸ்! கோடாரிக் கதையும் பொய்யில்லை. கவிஞர் பிண்டாரின் பாடலிலும் பழைய ஜாடி ஓவியங்களிலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே புத்தகத்தில் ஒரே குடும்பக் கதையாக வர முடியாது. சொன்னேன். "சின்னப் பிள்ளைகள்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார்கள். பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள். அப்புறம் அந்தப் பக்கங்களை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

சரி, ஹெசியட்டை மட்டும் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் முழுசாக நடக்காது. விதியை நூற்கும் மூன்று சகோதரிகள் 'தியோகனி'யின் ஓரிடத்தில் இரவின் மகள்கள். பிற்பகுதியில் ஸீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்தவர்கள். ஆகவே ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அது எந்த நூலில் வருகிறது என்று சின்னதாக எழுதுங்கள். படம் அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மூத்தவர் யார் என்று பார்க்காமல் எழுதுவது

ஸீயஸின் மகள் ஏதீனாவுக்கு, அவர் உடன்பிறந்த பொசைடன் பெரியப்பாவா, சித்தப்பாவா? ஹெசியடில் ஸீயஸ் கடைக்குட்டி, அதனால் பெரியப்பா. இலியட்டில் ஸீயஸ்தான் மூத்தவர், அதனால் சித்தப்பா. முதல் தவறின் தம்பிதான் இதுவும்.

ஒருவருக்கு ஒரே அப்பா என்று நினைப்பது

தீசியஸ் என்ற வீரருக்கு ஏதென்ஸ் அரசர் ஏஜியஸும் அப்பா, பொசைடனும் அப்பா. இரண்டு கோடும் போடுங்கள்.

முறைகெட்ட திருமணங்களை மறைப்பது

ஸீயஸின் மனைவி ஹீரா அவருக்கு உடன்பிறந்தவள். எழுதிவிட்டு நகருங்கள்.

வீரர்களைத் தனி மரமாக வெட்டிவிடுவது

தெய்வங்களுக்கு ஒரு தாள், வீரர்களுக்கு ஒரு தாள் என்று பிரித்தால் ஹெராக்ளிஸின் கதையே புரியாது. ஸீயஸின் மகன் பெர்சியஸ், அவர் மகன் எலெக்ட்ரியோன், அவர் மகள் ஆல்க்மினி, அவளுக்கும் ஸீயஸுக்கும் பிறந்தவர் ஹெராக்ளிஸ். ஆக, ஸீயஸ் அவருக்கு அப்பாவும் எள்ளுத்தாத்தாவும். பெர்சியஸின் இன்னொரு மகன் ஸ்தெனலஸ், அவர் பிள்ளை யூரிஸ்தியஸ். ஹெராக்ளிஸுக்கு அவர் மாமா முறை.

"என் ரத்தத்தில் இன்று பிறக்கும் பிள்ளை சுற்றியிருப்போரை எல்லாம் ஆள்வான்" என்று, ஹெராக்ளிஸை மனதில் வைத்து ஸீயஸ் சத்தியம் செய்கிறார். உடனே ஹீரா ஆல்க்மினியின் பிரசவத்தைத் தடுத்து, யூரிஸ்தியஸை ஏழாம் மாதத்திலேயே பிறக்க வைக்கிறாள். அவனும் பெர்சியஸ் வழியில் ஸீயஸின் ரத்தம்தான் என்பதால் சத்தியத்தை மீற ஸீயஸால் முடியவில்லை. மாமாவுக்கு அடிமைப்பட்டு ஹெராக்ளிஸ் வேலை செய்ய நேர்ந்தது இப்படித்தான். பெர்சியஸிலிருந்து மேலே ஸீயஸுக்குப் போகும் அந்த ஒரு கோட்டைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.