ஷெரிஃப் பேசுகிறேன் என்று போன் வந்தால்: குபர்டினோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நெருங்கிய நண்பர் வீட்டில் இப்படியொரு மோசடிப் போனில் பணம் பறிபோன பிறகு எழுதுவது இது. வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிமம் எல்லாம் எப்படியும் முதல் மாதத்தில் அலுவலகத்தார் சொல்லி முடித்துவிடுவார்கள். ஷெரிஃப் என்பவர் யார், அவர் எதைச் செய்வார், எதைச் செய்யவே மாட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஊரில் ஸ்டேஷன் எல்லை மாறினாலும் காக்கி ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போல) குபர்டினோ, சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மூன்றுக்கும் சொந்த போலீஸ் கிடையாது. ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் காவலை விட்டிருக்கிறார்கள். ஹோம்ஸ்டெட் சாலையைத் தாண்டி வடக்கே போனால் சன்னிவேல். அங்கே போலீஸும் தீயணைப்பும் ஒரே துறை. 280, 85 நெடுஞ்சாலைகளில் மாநிலத்தின் ஹைவே பெட்ரோல். கார் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிவிட்டால், எந்த ஊர் எல்லையில் நடந்ததோ அந்தத் துறையிடம்தான் புகார் தர வேண்டும். பையில் பாஸ்போர்ட் இருந்திருந்தால் புகார் எண்ணை வாங்காமல் நகராதீர்கள். இந்தியத் தூதரகம் புதிய பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் ரிப்போர்ட் கேட்கும். நம்மூர் எஃப்.ஐ.ஆர். போல அலைய விடமாட்டார்கள். ஆளைப் பார்க்காத சிறு திருட்டுக்கு இணையத்திலேயே பதியலாம்.

ஷெரிஃப் மக்கள் ஓட்டில் வருபவர், மேலிடம் மாற்றல் போடும் எஸ்.பி. அல்ல. ரோந்து போக, கவுன்டி சிறைகள், நீதிமன்றப் பாதுகாப்பு, வி.டி.ஏ. என்ற உள்ளூர்ப் போக்குவரத்துத் துறையின் ரயில் பேருந்துக் காவல், வீட்டைக் காலி செய்யும் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுவது எல்லாம் அவர் தலையில். அவரது சேவைப் பட்டியலைப் படிக்கும்போது மறுபக்கத்தையும் படியுங்கள். 1998-ல் ஜெயித்த லாரி ஸ்மித், கலிபோர்னியாவில் தேர்தலில் வென்று வந்த முதல் பெண் ஷெரிஃப். அவர் மீதே துப்பாக்கி உரிமம் வழங்கிய விவகாரத்தில் சிவில் கிராண்ட் ஜூரி என்ற மக்கள் விசாரணைக் குழு குற்றம் சாட்டியது. 2022-ல் தீர்ப்புக்குச் சில நாள் முன் பதவி விலகினார். வழக்கைக் கேட்ட ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த தீர்ப்புக் குழு, அவரைக் குற்றவாளி என்றது. கேள்வி கேட்க முடியாத அதிகாரி இந்த ஊரில் இல்லை. இதை மனதில் இருத்திக்கொண்டால் அடுத்த பகுதி எளிதாகப் புரியும்.

போன் வரும். திரையில் ஷெரிஃப் அலுவலக எண்ணே தெரியும். அந்த எண்ணைப் போலியாகக் காட்டுவது மோசடிக்காரர்களுக்குப் பெரிய வேலை இல்லை. பேசுபவர் உண்மையான டெபுட்டி (ஷெரிஃபின் காவலர்) ஒருவரின் பெயரையும், ஏதோ ஒரு பேட்ஜ் எண்ணையும் சொல்வார். "ஜூரி சம்மனுக்கு நீங்கள் வரவில்லை, வாரன்ட் இருக்கிறது" என்பார். உங்கள் முகவரியை அவரே வாசிப்பார். அடுத்தது விசா. "இப்போதே ஜாமீன் தொகை கட்டாவிட்டால் கைது, விசா ரத்து." போனை வைக்கக் கூடாது, மனைவியிடமோ கணவரிடமோ சொல்லக் கூடாது, ரகசிய உத்தரவு என்பார். பிறகு கடைக்கு அனுப்பி கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்லி, பின்பக்கம் சுரண்டி எண்ணைப் படிக்கச் சொல்வார். இல்லையென்றால் பிட்காயின் இயந்திரத்தில் பணம் போடச் சொல்வார். 2024 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் ஒருவரிடம் ஒரு நாளில் 1,000 டாலருக்கு மேல் அந்த இயந்திரத்தில் வாங்கக் கூடாது. "அடுத்த கடை இயந்திரத்துக்குப் போ" என்று விரட்டுகிறாரென்றால் காரணம் அதுதான்.

படித்தவர்கள் ஏன் விழுகிறார்கள்? போலீஸ் கூப்பிட்டால் பேசித் தீர்த்துவிடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் ஒன்று, விசா பயம் ஒன்று. இந்த இரண்டையும் அறிந்தே அந்த அயோக்கியர்கள் பேசுகிறார்கள்.

உண்மை இது. குடிமகன் அல்லாதவர் இங்கே ஜூரியாக அமரவே முடியாது. ஆனால் சம்மன் உங்களுக்கும் வரலாம், ஏனென்றால் பெயர்களை ஓட்டுநர் உரிமம் தரும் டி.எம்.வி. துறையின் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். அது சுப்பீரியர் நீதிமன்றத்திலிருந்து தபாலில் வரும். குப்பையில் போடாதீர்கள், குடிமகன் அல்ல என்ற கட்டத்தைக் குறித்துப் பதில் அனுப்புங்கள். அவசரத்தில் குடிமகன் என்று குறித்துவிடாதீர்கள். டி.எம்.வி.யில் வாக்காளர் பதிவு பற்றிக் கேட்கும்போதும் இதே கவனம் வேண்டும். பொய்யான குடியுரிமைக் கோரிக்கை பின்னாளில் கிரீன் கார்டையே முடக்கிவிடும். ஷெரிஃப் போனில் பணம் வாங்குவதில்லை. வாரன்ட் இருந்தால் முன்கூட்டிப் போன் செய்து விலை பேச மாட்டார்.

எனவே வைத்துவிடுங்கள், மரியாதைக்குக்கூட விடைசொல்ல வேண்டாம். ஷெரிஃப் அலுவலகத்தின் அவசரமில்லாத எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். வந்த எண்ணுக்கே திருப்பி அடிக்காதீர்கள். பணம் போய்விட்டதா? கார்டையும் ரசீதையும் தூக்கி எறியாமல், கார்டின் பின்னால் உள்ள உதவித் தொலைபேசி எண்ணை அந்த நிமிடமே அழைத்து முடக்கச் சொல்லுங்கள். ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியிருந்தால் வங்கியை அதே நாளில் பிடியுங்கள். பிறகு எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐ.சி.3-லும் உள்ளூர் ஷெரிஃபிடமும் புகார். வெட்கப்பட்டு மறைப்பதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம்.

உங்கள் காரைப் போலீஸ் மறித்தால் மட்டும் நம்மூர் வழக்கத்துக்கு நேர்மாறு. ஆவணங்களோடு இறங்கி ஓடாதீர்கள். வலது ஓரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரு கையும் ஸ்டியரிங்கில். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். ஆவணம் டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்தால் சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். ஏன் நிறுத்தினோம் என்று கேள்விக்கு முன்பே அவர்கள் சொல்ல வேண்டும், 2024 முதல் சட்டம். டிக்கெட் என்ற அபராதச் சீட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல, தேதிக்குள் நீதிமன்றத்துக்குப் பதில் தருவேன் என்ற வாக்கு. அந்தத் தேதியைத் தவறவிட்டால்தான் நிஜமான வாரன்ட் வரலாம்.

கடைசியாக ஒன்று. வீட்டு நினைப்பில் ஊருக்கு அழைக்க 011 போட்டு 91 அழுத்துவோம். முன்னால் உள்ள 011-ஐ விட்டுவிட்டு 91-க்குப் பின் விரல் தவறி இன்னொரு 1 விழுந்தால் போவது 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு. பதறி வைத்துவிடாதீர்கள். இருந்து, தவறுதலாக அழுத்திவிட்டேன், ஆபத்து இல்லை என்று முகவரியோடு சொல்லுங்கள். வைத்துவிட்டால் திருப்பி அழைப்பார்கள். நீங்கள் எடுக்காவிட்டால் டெபுட்டி கதவைத் தட்டுவார். அம்மாவின் எண்ணைக் கூட்டல் குறி போட்டு 91 என்று இன்றே செல்லில் பதிந்துவிடுங்கள்.