புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியின் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் குடமுழுக்கு மலரிலும் பள்ளி நூற்றாண்டு மலரிலும் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், தங்கள் பகுதியிலிருந்து டெல்லி சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் பட்டியலையும் சேர்ப்பது வழக்கம். புதுக்கோட்டை வட்டாரத்தில் இந்தப் பட்டியலுக்குள் பிழை எளிதாக நுழைந்துவிடுகிறது. முதல் பொதுத் தேர்தலிலிருந்து 2004 ஆம் ஆண்டுத் தேர்தல் வரை இருந்து, தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறையில் மறைந்துபோன தொகுதி அது. வயலும் கண்மாயும் வானம் பார்த்த பூமியுமாக விரிந்த அந்தத் தொகுதியின் எல்லைகளை இன்றைய வரைபடத்தில் காண முடியாது என்பதால், அதைப் பற்றி எழுதுகிறவருக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மற்றப் பிழைகள் பலவற்றுக்கும் தாயான பிழை, மாவட்டத்தையும் தொகுதியையும் ஒன்றாக எண்ணிவிடுவதாகும். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்றுதான் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. தொகுதியோ முதல் பொதுத் தேர்தலிலேயே இருந்தது. ஆகவே முதல் ஐந்து பொதுத் தேர்தல்களில் வென்றவர்களை 'புதுக்கோட்டை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்' என்று எழுதினால், அப்போது பிறந்திராத ஒரு மாவட்டத்தை அவர்கள் மேல் ஏற்றியதாகிவிடும். 1967 வரையிலான நான்கு தேர்தல்களும் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 இல் நடைமுறைக்கு வருமுன் நடந்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாவட்டம் பிறந்த பிறகும் இரண்டின் எல்லைகளும் ஒன்றாகிவிடவில்லை. மறுவரையறைக்கு முன்பு குளத்தூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் அடங்கியிருந்தன. இவற்றுள் பேராவூரணியும் பட்டுக்கோட்டையும் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மறுபுறம், புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் அப்போதே சிவகங்கை மக்களவைத் தொகுதியில்தான் இருந்தது. 2008 இல்தான் திருமயத்தைப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்துச் சிவகங்கையோடு சேர்த்தார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவது உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் திருமயத்தைப் பொறுத்தவரை அந்தச் செய்தி சரியானதன்று. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் 1990 களில் தம் மக்களவைத் தொகுதி புதுக்கோட்டை என்று சொன்னால், அதை நினைவுப் பிழை என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

குளத்தூர் என்ற பெயர் தனிக் கவனத்துக்கு உரியது. கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்தின் பெயரால் அமைந்த தனித்தொகுதி அது. ஆங்கிலத் தேர்தல் பட்டியல்களில் அதன் எழுத்துக்கூட்டல், சென்னையில் பின்னர் உருவான கொளத்தூர் தொகுதியின் எழுத்துக்கூட்டலோடு ஒத்திருப்பதால், ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டையும் குழப்பிவிட வாய்ப்பு உண்டு. 2006 வரையிலான குளத்தூர் முடிவுகள் கீரனூர்ப் பக்கத்து மக்கள் அளித்த தீர்ப்புகள். அவற்றைத் தலைநகரின் கணக்கில் எழுதுவது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி.

அடுத்து, உறுப்பினர்களின் கட்சிப் பெயர்கள். பிற்காலத்தில் ஒருவர் எந்தக் கட்சியில் அறியப்பட்டாரோ அதையே முன்தேதியிட்டு எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் தேர்தலில் வென்ற முத்துசாமி வல்லத்தரசு, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வேட்பாளர். அந்தக் காலத்தில் எங்கும் காங்கிரஸ்தானே என்ற நினைப்பில் அவரைக் காங்கிரஸ் வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. 1957 இல் வென்ற ராமநாதன் செட்டியார்தான் காங்கிரஸ்காரர். தொழிற்சங்கத் தலைவர் ஆர். உமாநாத் 1962 இலும் 1967 இலும் வென்றார். முதல் முறை அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 1964 இல் கட்சி பிளவுபட்டதால், இரண்டாம் முறை மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 'மார்க்சிஸ்ட் கட்சி இருமுறை வென்ற தொகுதி' என்ற ஒற்றை வரி, அந்தப் பிளவையே வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறது.

1971 இல் தி.மு.க.வின் வீரையா, 1977 இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980 இல் இந்திரா காங்கிரஸின் சுவாமிநாதன் என்று தொகுதி கைமாறிய பிறகு, 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸின் என். சுந்தரராஜ் வென்றார். 1996 இல் தி.மு.க.வின் திருச்சி சிவாவும் 1998 இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவமும் வந்தார்கள். இந்த இடத்தில், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்று கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுவார்கள். 1998 இல் அமைந்த மக்களவை 1999 இலேயே கலைந்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்ற திருநாவுக்கரசர், தாம் தொடங்கிய எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் சார்பில் நின்றவர். அவர் பின்னர் பாரதிய ஜனதாவிலும் அதன் பிறகு காங்கிரஸிலும் இருந்தார் என்பதற்காக, அந்த வெற்றியை இவ்விரு கட்சிகளுள் ஒன்றின் கணக்கிலோ, பெயரில் உள்ள ஒற்றுமையால் அ.தி.மு.க.வின் கணக்கிலோ எழுதுவது தவறு. 2004 இல் வென்ற தி.மு.க.வின் ரகுபதியே இத்தொகுதியின் கடைசி உறுப்பினர்.

தொகுதி எப்போது முடிவுக்கு வந்தது என்பதிலும் தெளிவு வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வகுத்த எல்லைகள் 2008 இல் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் அவை அதற்குப் பின் நடக்கும் தேர்தல்களுக்கே பொருந்தும் என்பதால், 2004 இல் அமைந்த மக்களவை 2009 இல் கலையும் வரை புதுக்கோட்டைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். 2008 இலேயே அவர் பதவி போய்விட்டது என்று எழுதக் கூடாது.

காரணத்தைச் சொல்லும்போது நேரும் பிழை இதைவிடப் பெரியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையாகத் தமிழ்நாடு ஓர் இடத்தை இழந்தது, அந்த இடம்தான் புதுக்கோட்டை என்று சிலர் எழுதுகிறார்கள். மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆயின. 2008 மறுவரையறைக்குப் பிறகும் அவை 39 தான். மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு அரசியலமைப்புத் திருத்தங்களால் உறைநிலையில் இருக்க, மாநிலத்துக்குள் இருந்த கோடுகள் மட்டுமே அப்போது மாற்றி வரையப்பட்டன.

அந்த மாற்றத்தில் மறைந்த பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியாகாது. நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரியும், பெரியகுளம் போய்த் தேனியும், சிவகாசி போய் விருதுநகரும் வந்தபோது, அந்தப் பகுதி மக்களுக்குத் தங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு தொகுதி கிடைத்தது. புதுக்கோட்டைக்கு அப்படி ஒரு மாற்றுப் பெயர் கிடைக்கவில்லை. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்தன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. பேராவூரணியும் பட்டுக்கோட்டையும் தஞ்சாவூரோடு சேர்ந்தன. 'தொகுதி திருச்சியோடு இணைக்கப்பட்டது' என்று ஒரு வரியில் எழுதுகிறவர், மாவட்டத் தலைநகரை மட்டும் பார்த்துவிட்டு அறந்தாங்கிக் கடற்கரையையும் விராலிமலைக் கரட்டையும் மறந்துவிடுகிறார். ஒரு மாவட்டத்தின் குறையை டெல்லியில் எடுத்துச் சொல்ல நான்கு உறுப்பினர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒவ்வொருவருக்கும் பெரும்பகுதி வாக்காளர்கள் வேறு மாவட்டத்தில் இருக்கிறார்கள். மக்களின் மனக்குறை இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது.

அந்தக் குறையை வாக்குச்சாவடியில் பதிவு செய்ய விரும்பிய 2009 ஆம் ஆண்டு வாக்காளர்களைப் பற்றி எழுதும்போது, 'நோட்டாவை அழுத்தினார்கள்' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் நோட்டா பொத்தான் வந்தது 2013 இல்தான். அதற்கு முன்பு இருந்தது 49-ஓ விதி: வாக்காளர் வாக்குச்சாவடி அலுவலரிடம் தாம் வாக்களிக்க விரும்பவில்லை என்று சொல்ல, அவர் அதைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமோ கைரேகையோ வாங்கிக்கொள்வார். முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அதைச் சொல்ல வேண்டும் என்பதால் அதில் ரகசியம் இல்லை. ஊரார் முன்னிலையில் அப்படிச் சொல்வதற்கும், திரைமறைவில் ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் உள்ள தொலைவு சிறியதன்று.

2019 தேர்தலில் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் திருநாவுக்கரசர். புதுக்கோட்டை நகரத்து வாக்காளருக்கு அவர் மீண்டும் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் நெடுங்காலம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அறந்தாங்கியோ அப்போது ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் இருந்தது. பட்டியலில் அவர் பெயரை 1999 க்கு நேராகவும் 2019 க்கு நேராகவும் எழுதுகிறவர், ஒவ்வோர் ஆண்டின் பக்கத்திலும் அந்தந்தக் காலத்துத் தொகுதியின் பெயரையும் அதில் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகளையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.