மர லூரில் ஈயம் வைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பின்லாந்து மீனவர் லாரி ரபாலா 1936-ல் கையால் செதுக்கிய லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) பேர் வாங்கியதற்குக் காரணம் அதன் தள்ளாட்டம்தான். அடிபட்ட சிறுமீனின் நடை அது. உடல் இலேசாக இருந்தால்தான் அந்த நடை வரும். தூரமாக வீசலாம், ஆழமாகப் போகும் என்று ஈயத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் முதலில் இழப்பதும் அதைத்தான்.

எவ்வளவு எடை என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். வாலில் வைத்தால் லூர் நேராகப் பறக்கும், சரி. ஆனால் தண்ணீரில் வால் தொங்கி, லிப்பின் (மூக்கடியில் நீட்டியிருக்கும் தகட்டின்) கோணம் மாறி, ஆட்டம் மந்தமாகிவிடும். வயிற்றின் அடியில், முன் தூண்டில் முள்ளுக்குச் சற்றுப் பின்னால் தொடங்குவதே நல்லது. அங்கேயும் அளவு மீறினால் லூர் பக்கவாட்டில் புரண்டு மினுங்குவது நின்றுபோகும். துளை நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கமாக இழுக்கும். தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தை வளைத்து அதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள்; நரம்பை மெதுவாகச் சுற்றி இழுக்கும்போது சரியாகத் தெரியும், வேகம் கூட்டினால் கவிழ்ந்துவிடும்.

முள், வளையம், பெயின்ட் எதுவும் இல்லாத வெறும் மரத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. எல்லாவற்றையும் மாட்டியபின் ஈயத் தகட்டை வெளியே ஒட்டிச் சோதியுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே ஒட்டிய ஈயம் தானும் தண்ணீரை விலக்குவதால் அதன் எடையில் 9 சதவீதம் அளவுக்குக் குறைவாகவே இழுக்கும். அதே ஈயத்தைத் துளைக்குள் வைத்து மூடினால் அந்தச் சலுகை கிடையாது. பால்சா மாதிரி இலேசான மரத்தில் கிட்டத்தட்ட முழு எடையும் கூடும். அதனால், வெளியே 2 கிராம் ஒட்டி மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நின்ற லூர், உள்ளே 2 கிராம் வைத்ததும் மெல்ல மூழ்கத் தொடங்கும். கொஞ்சம் குறைத்தே வையுங்கள். 5 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத் துளையை ஈயம் முழுக்க நிரப்பினாலே 2.2 கிராம் ஆகிவிடும்.

சோதிக்கிற தண்ணீரும் மீன் பிடிக்கப்போகிற தண்ணீராக இருக்கட்டும். 30 கன செ.மீ. லூர் ஒன்றை ஏரியில் அந்தரத்தில் நிற்கும்படி செய்தால், கடலில் அது மிதக்கும். உப்பு நீர் முக்கால் கிராம் அளவுக்குக் கூடுதலாகத் தாங்குகிறது.

உருக்கிய ஈயத்தை மரத்துளைக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். மரத்தின் ஈரம் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். ஈயக் குண்டையோ கம்பியையோ எபாக்ஸிப் பசையில் பதித்தால் போதும், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்னப் பறவைகள் ஈய விஷமேறிச் செத்ததால் பிரிட்டன் 1987-லேயே சிறிய ஈயக் குண்டுகளைத் தூண்டிலுக்குத் தடை செய்தது. ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் கிடைத்தால் இன்னும் சிறிய துளையே போதும்.

துளையை மூடியதும் நேரே பெயின்ட் அடிக்க வேண்டாம். எபாக்ஸி நன்றாக இறுகியபின் தேய்த்துச் சமன் செய்து, மரம் முழுக்க சீலர் (நீர் புகாமல் தடுக்கும் பூச்சு) பூசிக் காயவிடுங்கள். துளை ஓரத்தில் நீர் கசிந்தால் மரம் ஊறி, நீங்கள் கணக்குப் பார்த்து வைத்த எடை ஒரே நாளில் மாறிவிடும்.